முதுகுப் பக்கத்துக் கசிவு

நேசமணியின் சட்டை முதுகுப் பக்கம் மட்டும் நனைந்திருந்தது. அன்று மழை இல்லை. முந்தின நாள் பெய்ததற்குக் கரிசல் இன்னும் காலைக் கவ்விக்கொண்டிருந்ததே தவிர, வானம் வெளிறிக் கிடந்தது. வேர்வை என்றால் கக்கத்திலும் நெஞ்சிலும் அல்லவா முதலில் தெரியவேண்டும்? மருந்து கலக்கத் தண்ணீர்க் குடத்தோடு பொழி வரப்பில் நின்ற எஸ்தர்ராணி, புருசன் மக்காச்சோள நிரையின் கடைசிக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் அந்தப் பக்கம் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் இடுப்பு வரை இறங்கியிருந்தது.

“ஏங்க, நில்லுங்க. டேங்கு ஒழுகுது.”

“வேர்வைட்டி.”

“வேர்வை மருந்து நாத்தமா அடிக்கும்? அந்தச் சவத்த மொதல்ல எறக்கி வைங்க.”

அவர் முதுகில் மாட்டியிருந்த மருந்தடிக்கிற டேங்க்கை இறக்கினார். சட்டையைக் கழற்றியதும், முதுகில் ஒரு கை அகலத்துக்குத் தோல் சிவந்திருந்தது தெரிந்தது. எஸ்தர்ராணி குடத்துத் தண்ணீர் முழுவதையும் அந்த முதுகில் ஊற்றினாள். பையிலிருந்த துணிச்சோப்பைப் போட்டுத் தேய்த்தாள்.

“எரியுதா?”

“அரிக்குது.”

“அரிக்கத்தான் செய்யும். புழுவக் கொல்லுத மருந்து உங்கள மட்டும் தடவியா குடுக்கும்?”

அந்த வருசம் மழை பிந்திப் பெய்தது. ஊரில் எல்லாருடைய மக்காச்சோளமும் ஒன்றாக முளைத்து, ஒன்றாக முழங்கால் உயரம் வந்து, எல்லாருடைய குருத்திலும் ஒன்றாகப் புழு விழுந்திருந்தது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம். உள்ளே விரல் முனை நீளத்தில் புழு. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தட்டைதான் மிஞ்சும், கதிர் இருக்காது. நேசமணியின் சொந்த டேங்க்கில் மோட்டார் புகைந்துபோய், கோவில்பட்டியில் பழுது பார்க்கிறவரிடம் கிடந்தது. வாடகைக்கு விடுகிறவர்களிடமோ, ஊர் முழுக்க வரிசை நின்றது.

இப்போது தரையில் இருக்கிற நீல நிற பேட்டரி டேங்க், நேசமணியின் தம்பி ஸ்டெபினுடையது. அண்ணன் தம்பிக்குப் பேச்சு கிடையாது. இரண்டு புஞ்சைக்கும் நடுவே போகிற வண்டிப்பாதை யாருடையது என்பதில் ஆரம்பித்தது. அதற்கப்புறம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒருவர் வடக்குச் சன்னல் பக்கமும் ஒருவர் தெற்குச் சன்னல் பக்கமுமாக உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆனால் பொம்பளைகள் இருவரும் பேசிக்கொள்வார்கள். ஸ்டெபின் கயத்தாறு பக்கம் காற்றாலைக் கம்பெனியில் காவல் வேலை பார்க்கிறவன். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவன் இல்லாத நேரத்தில், அவன் மனைவி ஆஸ்லின்தான் டேங்க்கைக் கொல்லைப் பக்கமாகக் கொடுத்தனுப்பினாள். “சனிக்கிழமைக்குள்ள வந்துரணும்க்கா. அவிய வந்ததும் எங்க புஞ்சைக்கும் அடிக்கணும்லா” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

கொடுத்த பொருள் ஒழுகலோடு திரும்பிப் போனால் என்ன ஆகும் என்று எஸ்தர்ராணிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஸ்டெபின் ஆஸ்லினைக் கேட்பான். ஆஸ்லின் அழுவாள். நேசமணி தெருவில் நின்று சத்தம் போடுவார். அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுவே மிச்சமிருக்கிற கொல்லைவாசல் பேச்சும் அதோடு சரி.

“எங்கயும் தட்டுனீங்களா?”

“தட்டுனா தெரியாதா? குளத்துல கொக்கு நிக்க மாரி பையத்தான வச்சி எடுக்கேன்.”

“பெறகு எப்படி ஒழுகும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? சிலுவைய வேற முதுகுப் பக்கமாப் பாத்து ஒட்டி வச்சிருக்கான். என் தம்பி சிலுவைய முதுகுல சொமக்கானாம்.”

சுமக்கும்போது முதுகில் படுகிற பக்கத்தில், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு எல்லா வீட்டுக்கும் கொடுத்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நடுவில் சிலுவை, சுற்றிலும் கோதுமைக் கதிர். கொஞ்சம் கோணல். ஊரில் கதவு, பைக், பிரிட்ஜ் எல்லாவற்றிலும் அதே ஸ்டிக்கர்தான். டேங்க்கிலும் இருந்ததில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து டேங்க்கை முற்றத்து வேப்பமர நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். அடிமூலையில், டேங்க் உட்கார்ந்திருக்கிற அடிக்கட்டையின் இடுக்கிலிருந்து சொட்டியது. அதுதான் இடம் என்று முடிவாயிற்று.

மறுநாள், முதலில் நேசமணி பார்த்த வைத்தியம். பெட்டிக்கடையில் நொடியில் ஒட்டுகிற குயிக் பசை வாங்கி வந்தார். இடுக்கு ஆழமாக இருந்ததால் அடைக்க ஏதாவது வேண்டும் என்று, மூலையில் கிடந்த போன வருசத்துப் பருத்தியில் ஒரு விரற்கடை பிய்த்து உள்ளே திணித்து, மேலே பசையை ஊற்றிக் கட்டைவிரலால் அமுக்கினார். அடுத்த நொடி பஞ்சிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. கண் எரிந்தது. “அம்மா!” என்று கையை உதறினார். கட்டைவிரலில் கொப்புளம்.

மதிலின் அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அழகிரிசாமி எட்டிப் பார்த்தான். வயரிங் வேலை, பம்ப்செட் வேலை எல்லாம் பார்க்கிறவன்.

“என்ன அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீசுல மருந்து முக்குத எடத்துல கூட இம்புட்டுச் சீக்கிரம் பத்தாதே?”

“ஏலே, சிரிக்காத. பஞ்சுல பசை ஊத்துனேன், நெருப்பாச் சுட்டுப்போட்டு.”

“பஞ்சுல அத ஊத்தலாமா? பஞ்சும் அதுவும் சேந்தா கொதிக்கும். எனக்கு ஒரு தடவ தொடையில சிந்தி, வேட்டியோட சுட்டுட்டு.”

“அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?”

“நீங்க கேட்டாத்தான சொல்லுவேன்.”

எஸ்தர்ராணி அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய் விரலில் தண்ணீர் விட்டாள். “நேத்து முதுகு, இன்னைக்கு வெரலு. நாளைக்கி எதுன்னு சொல்லிட்டீங்கன்னா தைலம் வாங்கி வச்சிருவேன்” என்றாள்.

அழகிரிசாமி தன்னிடமிருந்த பைப் சொலூஷனைக் கொண்டுவந்தான். தண்ணீர்க் குழாய்களை ஒட்டுகிற அந்தப் பசை ஒட்டினால் உளி வைத்தாலும் விடாது என்றான். தடவி, காயவைத்து, தண்ணீர் ஊற்றினார்கள். சொட்டு விழுந்தது. நகத்தால் சுரண்டினால், வெயிலில் வெந்த தோல் மாதிரி பசை முழுசாக உரிந்து வந்தது. அவனே அசந்துபோனான். அப்புறம் இரண்டு நிறக் கட்டியைப் பிசைந்து வைக்கிற சீல் பசை. அது மறுநாள் காலையில் கல்லாக இறுகியிருந்தது. எஸ்தர்ராணிக்கு நம்பிக்கை வந்தது. டேங்க்கை நிரப்பி நேசமணி தோளில் தூக்கியதும், கனத்துக்கு டேங்க் லேசாகப் பிதுங்க, கல் அப்படியே ஒரே துண்டாகக் கழன்று அவர் காலடியில் விழுந்தது.

“ஒட்டுததுக்குன்னு ஒரு மனசு வேணும். இந்த டேங்குக்கு அது கெடையாது” என்றார் நேசமணி. “யாரு வீட்டுது?”

“சும்மா இருங்க. சோத்தத் தின்னுட்டுப் புஞ்சைக்குப் போங்க.”

கம்மஞ்சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு அவர் ஒரு பெட்டி நிறைய அடுப்புச் சாம்பலை எடுத்துக்கொண்டு போனார். மருந்து அடிக்க முடியாவிட்டால், குருத்துக் குருத்தாகச் சாம்பல் போடலாம். புழு கொஞ்சம் அடங்கும். ஆனால் அத்தனை குருத்துக்கும் ஒற்றை ஆளாகக் குனிந்து போட்டு முடிவதற்குள், முதலில் போட்ட இடத்தில் புழு மறுபடி ஏறிவிடும்.

எஸ்தர்ராணி டேங்க்கைச் சாக்கில் கட்டிக்கொண்டு கோவில்பட்டி பஸ் ஏறினாள். சாக்கு எதற்கு என்றால், ஆஸ்லின் வீட்டு வழியாகத்தான் பஸ் போகும்.

மார்க்கெட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் ராமலட்சுமியின் ஹார்டுவேர் கடை. ஆணி, குழாய், பெயின்ட், பசை எல்லாம் அங்கே கிடைக்கும். எஸ்தர்ராணி சாக்கை அவிழ்த்து, நடந்த மூன்று வைத்தியத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைக்காரம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, டேங்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைக் காட்டினாள்.

“இந்தா பாருங்கக்கா, முக்கோணத்துக்குள்ள ரெண்டுன்னு போட்டிருக்கா? உங்க வீட்டுத் தண்ணிக் குடம் எதையாச்சும் கவுத்துப் பாருங்க, அதுலயும் ரெண்டுதான் இருக்கும். இது மெழுகு ஜாதி. மெழுகு மேல கோந்து தடவுனா நிக்குமா?”

“பெறகு எதுக்குத்தான் இதெல்லாம் ஒட்டும்?”

“ரிமோட்டு, சுவிட்சுப் பெட்டி, மூக்குக் கண்ணாடிப் பிரேமு… இதுக்கெல்லாம் குயிக்கு பிடிக்கும். குழாய்க்கு சொலூஷன். இரும்புத் தொட்டி, சிமெண்டுத் தொட்டி ஓட்டைக்கு சீல். குடம், வாளி, மருந்து டேங்கு இதுகளுக்கு எதுவும் பிடிக்காது. இந்த ஜாதிக்குன்னு தனியா ஒரு பசை வருது. சின்ன மூடி, கைப்பிடின்னா அத வச்சி ஒப்பேத்தலாம். மருந்தும் கனமும் தாங்குத டேங்குக்கு நான் அதத் தர மாட்டேன்.”

“அப்ப நான் எதத்தாம்மா வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்காண்டாம்.” ராமலட்சுமி சிரித்தாள். “யாவாரத்துக்கு ஆசப்பட்டுக் குடுத்துருவேன். நாளைக்கி ஒட்டலன்னு இதே சாக்கோட வந்து நீங்கதான நிப்பீங்க? இதே ரெண்டாம் நம்பர்ல உள்ள உடஞ்ச குடம் இருந்தா, அதுல குச்சி மாரி நறுக்கிக்கிடுங்க. ஈயம் பத்தவைக்கிற கம்பியால விரிசலையும் குச்சியையும் சேத்து உருக்கி இழுங்க. பசையில்ல, ரெண்டும் ஒண்ணாயிரும். மொதல்ல ஓரத்துல ஒரு துளி வச்சிப் பாத்துட்டு, ஆறுனதும் இழுத்துப் பாருங்க. ஒட்டுனா அதே ஜாதி. சோப்பு போட்டு நல்லாக் கழுவிக் காயவச்ச பெறகுதான் சூடு காட்டணும். மருந்துப் புகை மூஞ்சியில அடிக்காம காத்துக்கு முதுகு காட்டி ஒக்காருங்க.”

“சரிம்மா.”

“அப்புறம் ஒண்ணுக்கா. சொட்டுத எடத்தையே பாத்துட்டு இருக்காதீங்க. தண்ணி கசியுத எடம் ஒண்ணு, சொட்டுத எடம் வேற. வெளிப்பக்கத்த நல்லாத் தொடச்சிட்டு, முகத்துக்குப் போடுத பவுடரத் தூவி, உள்ள தண்ணி ஊத்துங்க. மொதல்ல எங்க நனையுதோ அதுதான் எடம்.”

ஒன்றும் வாங்காமல் கடையை விட்டு இறங்க எஸ்தர்ராணிக்கு ஒருமாதிரி இருந்தது. நாலு ஆணி வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் நேசமணி இல்லை. டேங்க்கைத் துடைத்து, சுற்றிலும் பவுடரைத் தூவி, தண்ணீர் ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெள்ளையாய் இருந்த டேங்க்கில், முதுகுப் பக்கம் மெல்லிய நீலக் கோடு ஒன்று தெரிந்தது. நனைந்த கோடு. சிலுவை ஸ்டிக்கரின் கீழ் விளிம்பில் ஆரம்பித்து, பள்ளத்தோடு இறங்கி, அடிக்கட்டை இடுக்குக்குள் புகுந்து, மூலையில் சொட்டாக விழுந்தது. இவர்கள் மூன்று வைத்தியம் பார்த்தது அந்த மூலைக்குத்தான்.

ஸ்டிக்கரை உரிக்கவேண்டும். அவளுக்குக் கை வரவில்லை. அந்த ஊரில் அந்த ஸ்டிக்கரை யாரும் உரித்ததில்லை. பழைய பிரிட்ஜை விற்கும்போதுகூட வாங்குகிறவனிடம் “கோயில் ஸ்டிக்கரு, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். சுடுதண்ணீரில் துணியை நனைத்து மேலே போட்டு வைத்து, நகம் படாமல், ஒரு மூலையிலிருந்து பைய இழுத்தாள். கிழியாமல் வந்தது. எண்ணெய் படாத சில்வர் தட்டின் பின்பக்கத்தில் அதை ஒட்டி வைத்தாள்.

ஸ்டிக்கர் இருந்த இடத்தில் விரிசல் மட்டும் இல்லை. விரிசல் மேல் ஏற்கெனவே யாரோ சீல் பசையைப் பிசைந்து அப்பியிருந்தார்கள். பசை ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் புகாமலிருக்க அதன் மேல் பளபளவென்று ஒரு பூச்சு. கத்தரிப்பூ நிறத்தில் நகப்பூச்சு.

அந்தத் தெருவில் நகப்பூச்சுப் போடுகிறவள் ஒருத்திதான். கலியாணமாகி வந்த புதிதில் கோயிலில் கிழவிகள் எல்லாம் அவள் விரலைத்தான் பார்த்தார்கள்.

எஸ்தர்ராணிக்கு விளங்கிவிட்டது. பொத்தலான டேங்க்கை மூடி மறைத்துக் கொடுத்திருக்கிறாள். இங்கே ஒருத்தர் முதுகு வெந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது உடைத்தது நாம்தான் என்று ஆகியிருக்கும். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குடத்தை எடுத்தாள். தண்ணீர் வருகிற நேரம். ஆஸ்லின் தெருக்குழாயில்தான் நிற்பாள்.

நின்றாள். முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர். எஸ்தர்ராணியைப் பார்த்ததும் ஆஸ்லின் குடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

“டேங்கு… நல்லா அடிக்குதாக்கா?”

எஸ்தர்ராணி அவள் கையைப் பார்த்தாள். நகத்தில் பூச்சு இல்லை. பத்து விரலிலும் சுரண்டி எடுத்திருந்தாள். ஓரங்களில் மட்டும் கத்தரிப்பூ நிறம் மிச்சம் இருந்தது. பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

“அடிக்குது. அடிக்காம?” என்றாள் எஸ்தர்ராணி. “குடத்த வைட்டி, தண்ணி சும்மா போகுது பாரு.”

வீட்டுக்கு வந்து பழைய பசையையும் நகப்பூச்சையும் கத்தியால் சுத்தமாகச் சுரண்டினாள். சுரண்டிய தூளை அடுப்பில் போடவில்லை. காகிதத்தில் மடித்துக் குப்பைக்குழியில் தள்ளினாள். நேசமணி கண்ணில் பட்டிருந்தால் தெருவே கேட்டிருக்கும். டேங்க்கைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்தாள். பிறகுதான் அழகிரிசாமியைக் கூப்பிட்டாள்.

“மயினி, விரிசல் இங்கனயா இருக்கு? நாம அங்கனல்லா வைத்தியம் பாத்தோம்.”

“எதுல பாத்தா என்ன, இப்பம் தெரிஞ்சிட்டுல்லா. கம்பியச் சூடு பண்ணு.”

அவன் அரிசி டப்பாவின் பச்சை மூடியில் ஒரு குச்சி நறுக்கி வைத்து உருக்கினான். அழகாக உருகியது. ஆறியதும் எஸ்தர்ராணி விரலால் தட்ட, தனியாகக் கழன்று விழுந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். முக்கோணத்துக்குள் ஐந்து.

“இது வேற ஜாதி. ஆகாது.”

“ஜாதி பாத்துதான் ஒட்டுமாக்கும் இதுவும்?” என்றான் அழகிரிசாமி.

கொல்லையில் கோழிக்குஞ்சுகளை மூடி வைக்கிற, அடி போன மஞ்சள் குடம் ஒன்று இருந்தது. குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றிவிட்டு அதைக் கழுவிப் பார்த்தாள். அடியில் மிச்சமிருந்த விளிம்பில் முக்கோணம், உள்ளே இரண்டு. அதில் நறுக்கிய துளி ஆறிய பிறகு, குறடால் பிடித்து இழுத்தும் வரவில்லை. அழகிரிசாமி விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாகத் துளை போட்டான். இல்லாவிட்டால் விரிசல் மேலே ஓடிக்கொண்டே போகும் என்றான். அவன் கம்பியை இழுக்க, அவள் குச்சியை ஊட்டினாள். காற்று அவர்கள் முதுகில் அடித்தது. துணி தைக்கிறவள் தையல் இழுக்கிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக, நீலத்தில் மஞ்சள் தழும்பு ஒன்று விழுந்தது. தண்ணீர் ஊற்றிப் பவுடரைத் தூவினார்கள். இரண்டு பேரும் காப்பி குடித்து முடித்தார்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

அழகிரிசாமி போனதும், சில்வர் தட்டிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துத் தழும்பின் மேல் ஒட்டினாள்.

மறுநாள் காலை வெயில் தெளிந்ததும் நேசமணி மருந்தடித்தார். எஸ்தர்ராணி பொழியில் நின்று ஒவ்வொரு நிரைக்கும் அவர் முதுகைப் பார்த்தாள். கக்கத்தில் நனைந்தது. நெஞ்சில் நனைந்தது. முதுகில் உப்புப் பூத்துக் காய்ந்திருந்தது.

“என்னட்டி, பொண்ணு பாக்க வந்தவ மாரி பாக்க?”

“உங்கள யாரு பாத்தா? டேங்கப் பாக்கேன்.”

சனிக்கிழமை ஸ்டெபின் பஸ்ஸில் வந்து இறங்குவதற்கு முன்னால், டேங்க்கைத் துடைத்துக் கொல்லைவாசல் வழியாகக் கொண்டுபோனாள். ஆஸ்லின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள். டேங்க்கை வாங்கியதும் அவள் கண் நேராக முதுகுப் பக்கம் போனது. ஸ்டிக்கர் இருந்தது. மூச்சு விட்டாள். பிறகு விரலால் தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. உள்ளே மேடு. மறுபடி பார்த்தாள்.

“நான் கோணலால்லாக்கா ஒட்டியிருந்தேன்” என்றாள்.

“ஆமா, கோணலாத்தான் இருந்துச்சு. நான் நேரா ஒட்டிட்டேன்.”

ஆஸ்லின் டேங்க்கைக் கீழே வைத்தாள்.

“மோட்டார் ரூம் மாடியில இருந்து என் கை தவறித்தான் விழுந்துட்டு. அவியகிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, அப்பி வச்சி… அதுக்கு மேல இத ஒட்டிட்டா யாரும் உரிக்க மாட்டாகன்னு… நீங்க வந்து கேட்டதும் இல்லன்னு சொல்ல வாய் வரலக்கா. இந்தத் தெருவுல எங்கிட்டப் பேசுததே நீங்க ஒருத்திதான். அத்தானுக்கு எதுவும்…”

“முதுகு வெந்துட்டு. இப்பம் ஆறிட்டு.” எஸ்தர்ராணி கூடத்துக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். “இனி ஒண்ணு ஒடஞ்சா எங்கிட்ட வந்து சொல்லு. அப்பி வைக்காத. அப்பி வச்சா அது ஒட்டாது, கேட்டியா? நம்பர் பாக்கணும்.”

“என்ன நம்பரு?”

“அடியில இருக்கும். காட்டுதேன், அந்த வாளியக் கவுத்து.”

இரண்டு பேருமாக வாளி, குடம், உப்பு டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஆஸ்லின் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்றும் சொல்லலாம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஸ்டெபின் தன் புஞ்சையில் மருந்தடித்தான். வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் நேசமணி களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்குவதும் நிமிர்வதுமாக இருந்தார். தம்பி நிரையின் அந்தக் கடைசிக்குப் போகும்போதெல்லாம் நிமிர்ந்தார். திரும்பி வரும்போது குனிந்துகொண்டார்.

“என்னத்தப் பாக்கீங்க?” என்றாள் எஸ்தர்ராணி.

“ஒண்ணுமில்ல.” கையிலிருந்த களையின் வேர் மண்ணை உதறினார். “நம்ம கையில விரிஞ்ச டேங்குல்லா. அவன் முதுகு நனஞ்சிறக் கூடாதேன்னு பாத்தேன்.”

எஸ்தர்ராணி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பிறகு வேண்டாமென்று, கூடவே நின்று அவளும் அந்தப் பக்கம் பார்த்தாள். ஸ்டெபின் தூரத்து நிரையில் போய்க்கொண்டிருந்தான். தோளில் நீல டேங்க், கைக்கம்பி குருத்துக்குக் குருத்து தாழ்ந்து எழுந்தது. டேங்க்குக்குக் கீழே சட்டை காற்றில் விலகி விலகி ஒட்டியது.

“காஞ்சிருக்கா?” என்று கேட்டார். அவருக்குக் கண் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது.

“காஞ்சிதான் இருக்கு.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாத்தேன்.”

நேசமணி குனிந்து அடுத்த களையைப் பிடித்தார்.